போர்மேசையின் இரண்டு பாதி

போர் நடத்த ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு மேசை வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். சேலத்தில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்தான். அங்கே கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டுக்காக, சுண்டுவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள் நாற்பது பேரைச் செருப்பு டப்பாவில் போட்டு விடுமுறைக்குக் கொண்டுவந்திருந்தான். பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து, சிப்பாய்களை நகர்த்த வேண்டும். நாற்பது பேருக்கும் சட்டை, தொப்பி, மீசை என்று நாங்கள் இருவரும் பெயிண்ட் அடித்தோம்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இரண்டு வீடுகள், நடுவே சிமெண்ட் களம். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த தகராறு என்று மட்டும் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டோம். ஆனால் மேசையை ஒரு வீட்டில் செய்தால் இன்னொரு வீடு என்ன நினைக்குமோ என்று அண்ணன் யோசித்தான். ஆளுக்குப் பாதி அவரவர் வீட்டில் செய்து, ஞாயிற்றுக்கிழமை களத்தில் சேர்த்துவைப்பது என்று முடிவானது. திங்கள் காலை அவன் விடுதிக்குக் கிளம்ப வேண்டும்.

அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. மிச்சம் விழுந்த பிளைவுட்டில் என் பாதியைச் செய்துகொடுத்தார். மறுபாதி எங்கே என்று கேட்கவே இல்லை. அண்ணனுடைய பாதி, பெரியப்பாவின் கோழிப்பண்ணையில் கிடந்த பழைய கதவும் நாலு சவுக்குக் கால்களும். முட்டை அட்டைகளை ஊறவைத்துக் கூழாக்கி மலைகள் செய்தோம். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து கோந்தின்மேல் தூவியதும் புல் வந்துவிட்டது. அவன் பாதியில் புறப்படும் ஆறு என் பாதியில் வந்து முடிய வேண்டும்.

களத்தில் சேர்த்தபோது அவன் பாதி இரண்டு விரற்கடை உயரமாக இருந்தது. ஆறு அருவியாகிவிட்டது. என் பாதியின் கால்களுக்கு ஓட்டுச்சில்லு வைத்துப் பார்த்தோம். மேசை ஆடி, ஒரு படையே தரையில் கொட்டியது. கொடி பிடித்த சிப்பாய்க்குக் கை ஒடிந்தது.

அப்பா எங்கள் வாசலிலும் பெரியப்பா அவர் வாசலிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து அப்பா ரம்பத்தோடு வந்தார். ஆனால் அறுக்க வேண்டியது பெரியப்பா வீட்டுக் கால்.

"உங்க பெரியப்பனக் கேளு சாமி, கால அறுத்துக்கலாமான்னு."

அதற்குள் களத்துக்கு இறங்கிவந்து பத்தடி தள்ளி நின்ற பெரியப்பாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அறுக்கச் சொல்லு சாமி. மொதல்ல அளந்துக்கச் சொல்லு."

திரும்ப ஓடிவந்து அதையும் சொன்னேன். போரில் எனக்கு ஏதோ பெரிய பதவி கிடைத்துவிட்டதாக நினைப்பு.

சிப்பாய்களை எடுத்துவிட்டு, மலை உடையாமல் அண்ணனுடைய பாதியை ஒருக்களித்துச் சாய்த்தோம். அண்ணன் மேசைக் காலைப் பிடித்தான். அது அதிர்ந்து ரம்பம் வழுக்கியது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மகனை நகரச் சொல்லிவிட்டுத் தானே பிடித்தார். முதல் இரண்டு கால்களும் பேச்சில்லாமல் அறுபட்டன. மூன்றாவதில் அப்பா நிமிராமலே சொன்னார்.

"கொஞ்சம் சாச்சுப் புடிங்கண்ணா."

பெரியப்பா சாய்த்துப் பிடித்தார். "போதுமா?"

"போதுங்கண்ணா."

அதன் பிறகு யாரும் என்னிடம் எதையும் சொல்லியனுப்பவில்லை. என் பதவி போய்விட்டது.

நாலாவது கால் முடிந்ததும் போர் தொடங்கும் என்று காத்திருந்தேன். பெரியவர்கள் விடவில்லை. இணைப்பு ஆடுகிறதென்று அப்பா லாரிக் கதவுக்கு மாட்டும் கொக்கிகளை எடுத்துவந்தார். ஆற்றின் கரை கோணல் என்று பெரியப்பா அட்டைக் கூழைப் பிசைந்து பூசினார். பெரியம்மா டீ கொடுத்தனுப்பினாள். அப்பா வாங்கிக் குடித்தார். வேலை முடிந்த பிறகும் இருவரும் மேசையின் இரு பக்கமும் நின்று, ஆளுக்கொரு சிப்பாயைக் கையில் உருட்டியபடி, போர்வெல் ஆழம், கோழிக்கு வந்த சீக்கு என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்தது. ஈரம் காயட்டும், நாளைக்கு ஆடிக்கொள்ளலாம் என்றார் பெரியப்பா. நாளைக்குத் தன் மகன் ஊரில் இருக்கமாட்டான் என்பதே அவருக்கு நினைவில்லை. அண்ணனோ ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையற்கட்டுக்கு ஓடி, இத்தனை நாள் பாடுபட்டும் ஒரு பகடைகூட உருட்டவில்லை என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா ஜன்னல் வழியே களத்தைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடக்காமல் போன போருக்காக என்னோடு சேர்ந்து அழ அம்மாவாவது இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.