ஆவடிக்குத் தெற்கே ஒரு திருவிருந்து

1933 ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை. டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வேப்பேரியிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போனேன். காலை 6.40 பாசஞ்சர். ஆவடிக்கு மூன்றாம் வகுப்பில் மூன்று அணா.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் சாமுவேல் ஜூன் மாதம்தான் காலேஜில் சேர்ந்தான். புதிதாகக் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள் கிராப்பை மாற்றிக்கொள்வார்கள். இவன் கோயிலை மாற்றிக்கொண்டான். எங்கள் வேப்பேரிக் கோயிலை விட்டுவிட்டு, ஞாயிறுதோறும் ஆவடிக்குத் தெற்கே ஒரு சேரியிலுள்ள ஜெபக்கூடத்துக்குப் போய்வந்தான். அங்கே அவன் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வரையில் அக்கா பொறுத்துக்கொண்டாள். அன்று போதகர் அங்கே திருவிருந்து கொடுக்க வருகிறார், நானும் அதில் பங்கெடுக்கப் போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போனதும்தான் வீடு கலங்கிவிட்டது.

எங்கள் சபைகளில் திருவிருந்துத் திராட்சரசத்துக்குக் கிண்ணம் ஒன்றே. ஒருவர் வாய்வைத்துக் குடித்ததும் அடுத்தவருக்கு வரும். ஆகவே யாருக்கு முன், யாருக்குப் பின் என்பது சிறிய விஷயமல்ல. வேப்பேரியில் எங்கள் வேளாளர் குடும்பங்கள் முதலில் எழுந்துபோகும். சாமுவேலின் தங்கை எஸ்தருக்கு வேலூரில் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலவே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறையாகியும் சாதியை விடாதவர்கள்.

“அவங்க குடிச்ச கிண்ணத்துல இவன் குடிச்சான்னா கல்யாணம் நின்னுடும். அதுக்கு முன்னாடி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வா” என்று அக்கா என்னை அனுப்பினாள்.

வில்லிவாக்கம் தாண்டியதும் பட்டணம் தீர்ந்துபோகிறது. அம்பத்தூரில் ஏரியும் வயலும்தான். அங்கே சிக்னல் கைகாட்டி இறங்காததால் வண்டி நின்றது. எழுந்து கதவருகே போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எதிரிலிருந்தவர் தம் மூட்டையை என் காலடியிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆவடி, 7.55. பூந்தமல்லிச் சாலையில் ஜட்கா பேசினேன். எட்டணா கேட்டவன் ஆறணாவுக்கு இறங்கினான். பருத்திப்பட்டு ஏரி வரும்வரை நான் நாலைந்து முறை கடிகாரத்தை எடுத்திருப்பேன்.

“இன்னா சாமி, அத்தயே பாத்துகினு கீறீங்க? சாவா, பொறப்பா?”

“ரெண்டுமில்லப்பா. கோயிலுக்கு.”

“கோயிலுக்கா இம்மாம் அவசரம்? உங்க சாமி இன்னா ரயிலேறிப் போயிடுமா?”

சேற்றில் குதிரை இறங்காது என்று அவன் சொன்னதால், கடைசி அரை மைல் வரப்பில் நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேட்டி முழங்கால் வரை நனைந்தது.

ஜெபக்கூடம் என்பது மண்சுவரும் பனையோலைக் கூரையும்தான். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், எல்லோரும் பாயில். முன்னால் ஒரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. காலேஜ் தம்பிக்கென்று போட்டதாம். தம்பியோ கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“எழுந்திரு” என்றேன் மெதுவாக.

“எல்லாருக்கும் பின்னாடி, கடைசி ஆளா குடிச்சிட்டு வர்றேன், மாமா. சாதிக்கு எதிரா அதுதான் என் சாட்சி.”

நடு வரிசையிலிருந்த ஒருவர் திரும்பினார். நரைத்த மீசை, தோளில் சிவப்புத் துண்டு. யாக்கோபு என்ற ஏர்க்காரர்.

“இன்னா நைனா, கடேசி எடமும் ஒனுக்கே வோணுமா? மொத எடத்தத்தான் ஒங்காளுங்க எடுத்துக்கினாங்க. இதயும் புடுங்கிக்காத. வா, நடுவுல குந்து.”

பாய்களில் சிரிப்பு பரவியது. “சும்மா இரு, யாக்கோபு” என்று அந்தக் கூடத்து உபதேசியார் அதட்டினார்.

“நா இன்னா தப்பா சொல்லிட்டேன்? வரிசயா ஏர் கட்டுனா நடு ஏரு ஓட்றவன் எளச்சவனா?”

சாமுவேலின் முகம் சிவந்துவிட்டது. எழுந்துபோய் நடு வரிசையில் உட்கார்ந்தான். யாக்கோபு நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டார். “பெரியவரே, வெளிச்சத்த மறச்சிகினு நிக்கிறீங்களே, நீங்களும் வாங்க.”

பக்கத்தில் இருந்தால் பையனை எழுப்ப வசதி என்று எண்ணி, அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என்ன செய்துகொண்டேன் என்பது, போதகர் கிண்ணத்தோடு எங்கள் வரிசைக்கு வந்தபோதுதான் உறைத்தது. யாக்கோபு குடித்தார். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து என் முன் நீட்டினார்.

நான் மறுத்து எழுந்தால் சாமுவேலையும் எழுப்பிவிடலாம். வந்த காரியம் முடியும். யாக்கோபு மீசையைத் துடைத்தபடி கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கக்கூட இல்லை. சாமுவேல் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். போதகரின் கை காத்திருந்தது.

குடித்தேன். கிண்ணம் சாமுவேலுக்குப் போயிற்று.

திரும்பும் வண்டி ஆவடியில் 12.25. பட்டாபிராம், நெமிலிச்சேரிப் பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே ஏறியிருந்ததால் நின்றுகொண்டே வந்தோம். பெரம்பூர் தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

“கடைசி இடம்னு மூணு வாரமா நெனச்சு வச்சிருந்தேன், மாமா. ஒரே பேச்சுல ஒண்ணுமில்லாம பண்ணிட்டாரு.”

“கோபமா?”

“வெட்கம். அடுத்த வாரமும் போகணும்” என்றான்.

வேப்பேரி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அக்கா திறந்துவிட்டாள். அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“குடிச்சானா?”

“குடிச்சான்.”

“யாருக்கு அப்புறம்?”

“எனக்கு அப்புறம்.”

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சோறு போட உள்ளே திரும்பினாள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எஸ்தரின் கல்யாணத்துக்கும் ஆபத்து வந்திருக்காது. செருப்பைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

“அக்கா, எனக்கு முன்னாடி யாக்கோபுன்னு ஒருத்தர். அந்தச் சேரிக்காரர்.”

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “வேலூருக்கு நீயே போய்ச் சொல்லு” என்றாள்.

வேலூருக்குப் போகக் காட்பாடி வண்டி நாளைக் காலை 7.15க்கு. யாக்கோபு, நான், சாமுவேல். அங்கேயும் இந்த வரிசையை மாற்றாமல் சொல்ல வேண்டும்.