ஷாமிலாவின் சிற்றரசு

கோபம் ஆறட்டும், பிறகு எழுது என்றார் வாப்பா. ஆறினால் நான் எல்லாரையும் மன்னித்துவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால் சூட்டோடு சூடாகவே எழுதுகிறேன்.

இது ஷாமிலாவைப் பற்றியது. மலையகத்து நோர்வூட்டில் நானும் அவளும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்றைக்கு எனக்கு டவுனில் வாப்பாவின் கடை. போன் திருத்துவோம், போட்டோ கொப்பி எடுப்போம். அவளுக்கு மேலே தோட்டத்தில் பாலர் பாடசாலை. பகல் வரைக்கும் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டுப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். புருஷன் சுதாகரன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறான். தோட்டத்து லயத்து வீட்டில் அவளும் மாமியார் மீனம்மாவும்தான். மீனம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தோட்டத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் கடிதம் வரும், வாப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கடையின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேரும் ராஜ்ஜியம் ஆளுவோம். ஆளுக்கொரு பழைய கம்பியூட்டர். சில நூறு வருசங்களுக்கு முந்திய உலகப் படம் ஒன்று திரையில் விரியும். அதில் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு படை சேர்க்கலாம், வியாபாரம் செய்யலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம், அயல் நாட்டுக்காரனின் குடியைக் கெடுக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது, எப்போதும் பெரிய சாம்ராஜ்யம்தான் எடுப்பேன். ஷாமிலா இருப்பதிலேயே சின்ன நாடாகத் தேடிப் பிடிப்பாள். பிடித்த கையோடு எனக்குத் தூது அனுப்புவாள், என்னைச் சிற்றரசாகச் சேர்த்துக்கொள் என்று.

"உனக்கு வெக்கமே இல்லையாடி?" என்று கேட்பேன்.

"சின்ன ஆளு தனியா நின்னா ரெண்டு சண்டையில காலி. பெரிய ஆளு நெழல்ல நின்னு வேரு புடிக்கணும்" என்பாள்.

அந்த விளையாட்டில் சிற்றரசாக இருப்பதற்குச் சட்டம் கறாரானது. உன் கொடி உன்னுடையது, உன் ராஜா உன்னுடையவன். ஆனால் வருசா வருசம் பேரரசுக்குத் திறை கட்ட வேண்டும். அது போகும் சண்டைக்கெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். நீயாக ஒருவரோடு சண்டை தொடங்க முடியாது, நீயாக ஒருவரோடு ஒப்பந்தமும் போட முடியாது. பதிலுக்கு வெளியார் உன்மேல் கை வைத்தால் பேரரசு வந்து நிற்கும். ஒவ்வொரு சிற்றரசுக்கும் விடுதலை ஆசை எவ்வளவு என்று காட்டும் ஒரு எண் இருக்கிறது. அது பாதியைத் தாண்டினால் பேரரசுக்குத் தலைவலி. கணக்கு அதோடு நிற்பதில்லை. எல்லாச் சிற்றரசுகளின் பலத்தையும் கூட்டிப் பேரரசின் பலத்தோடு வைத்துப் பார்க்கும். ஆகவே ஒன்று முறைத்தால் பயமில்லை, எல்லாம் சேர்ந்து முறைத்தால் ஆபத்து. பேரரசு அப்போது என்ன செய்யும்? பரிசு அனுப்பும். பரிசு போனால் எண் இறங்கிவிடும்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. முறைத்துக்கொண்டு நிற்கும் சிற்றரசைப் பேரரசு விழுங்க முடியாது. ஒழுங்காகத் திறை கட்டி, பல வருசம் நல்ல பெயர் எடுத்து, நம்பிக்கையாக நடந்துகொண்டதைத்தான் சத்தமில்லாமல் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். சண்டை இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. படத்தில் அந்தத் துண்டின் நிறம் மாறும், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு அந்தத் திட்டம் வந்தது நாலைந்து வருசத்துக்கு முன்னால். ஆள் பற்றாமல் மலைகள் காடாகிக் கிடந்தன. மலை என்றால் அங்கே தேயிலைக் காணி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்து மனேஜர் தொரை வந்து நின்று, இனி நீங்கள் எல்லாரும் முதலாளிகள் என்றாராம். சனம் கைதட்டியிருக்கிறது. முதலாளிக்குரிய சட்டங்கள் பிறகு வந்தன. கொழுந்து கம்பெனியின் தேயிலை ஆலைக்கு, ஸ்டோருக்கு, மட்டும்தான் போக வேண்டும். கூடுதல் விலை கொடுக்கும் வெளி லொறி வாசலில் வந்து நின்றாலும் ஒரு கிலோ கொடுக்கக் கூடாது. தேயிலையைத் தவிர ஒரு மிளகாய்க் கன்றுகூட வைக்கக் கூடாது. பசளை கம்பெனி கொடுக்கும், மருந்து கம்பெனி கொடுக்கும். காணிக்கு உறுதிப் பத்திரம் மட்டும் கொடுக்காது.

அந்த ஞாயிறு ஷாமிலா சிரித்துக்கொண்டே வந்தாள். "நாங்க சிற்றரசு ஆயிட்டோம்டி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்காதே, தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்றேன். தான் வேண்டாம் என்றால் அது அடுத்த வீட்டுக்குப் போகும், தன் மாமி பறித்த மலையில் வேறொருத்தி நிற்பாள் என்றாள். வாங்கிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக நிற்பதுதான் வழி என்றாள். விளையாட்டுப் புத்திதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் வேறு யாருக்கும் அந்தப் புத்தி இருக்கவில்லை.

அவள் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். மலை வாங்கிய குடும்பங்களை எல்லாம் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டாள். தோட்டத்துத் தலைவர் அழகுமுத்துவும் வந்தார். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். எந்தக் குடும்பத்தின் மலையைக் கம்பெனி திருப்பிக் கேட்டாலும் அன்றிலிருந்து ஒரு வீடும் ஸ்டோருக்குக் கொழுந்து கொடுப்பதில்லை என்று பேச்சு. சூடம் கொளுத்தி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதல் கை அழகுமுத்துவுடையது.

அதற்குப் பிறகு அவள் தனக்குக் கிடைத்த மலையோடு கட்டிப் புரண்டாள். இடுப்பளவு புல்லும் அட்டையுமாகக் கிடந்த இடம் அது. பாலர் பாடசாலை விட்டதும் நேரே மலைக்குப் போவாள். மீனம்மா இன்ன செடிக்கு இன்ன வருசம் கவ்வாத்து வெட்டினது என்று சொல்லச் சொல்ல இவள் வெட்டினாள். தீபாவளி லீவுக்கு வந்த சுதாகரன் லீவு முழுக்கத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினான். பலகாரம் கூடச் சரியாகத் தின்னவில்லை என்று என்னிடம் புலம்பினான். கடைசியில் அந்த மலை மேசை விரிப்புப் போலப் பச்சையாக நின்றது. ரோட்டில் போகிற வேன்கள் நிறுத்திப் படம் எடுத்தன. தொரை வந்து பார்த்துப் பாராட்டினார். மாதிரி மலை என்று போர்டு அடித்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்து அவளோடு நின்று பல்லைக் காட்டினார்கள்.

"நீ ரொம்ப நல்ல பிள்ளையாக நடக்கிறாய், விழுங்கிவிடுவான்" என்றேன்.

"அதுக்குத்தானே சத்தியம்" என்றாள்.

போன வருசம் மலையைக் கேட்டேவிட்டார்கள். பறித்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களா? அப்படிச் சொன்னால் அவர்கள் எப்படிப் பெரிய மனிதர்கள். உங்கள் மலைதான் தோட்டத்திலேயே அழகு, அதனால் கம்பெனியே அதைப் பொறுப்பெடுத்து வெளிநாட்டுக்காரர் வந்து பார்க்கும் இடமாக்கப் போகிறது என்றார்கள். மேலே ஒரு கண்ணாடிக் குடில் வரும், தேத்தண்ணி விற்பார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு, வருகிறவர்களுக்குக் கொழுந்து பறித்துக் காட்டலாம் என்றார்கள். வேலி போடுகிற நாளையும் சொல்லிவிட்டார்கள்.

ஷாமிலா பதறவில்லை. சத்தியம் இருந்ததே. நேரே அழகுமுத்துவிடம் போனாள். நானும் கூடப் போனேன், கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

கோயில் வாசலில் தச்சர்கள் புதுத் தேருக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்குத் தோட்டம் லீவு கொடுக்கும், லொறி கொடுக்கும், கரண்டு கொடுக்கும். அது பழைய வழக்கம். அந்த வருசம் தேருக்கு மரத்தையும் தொரையே கொடுத்திருந்தார். கோயிலுக்கு இத்தனை வருசமாக இல்லாத தேர்.

அழகுமுத்து எங்களை உட்காரச் சொல்லவில்லை. "அம்மாவுக்கு இப்பத்தான் தேரு செய்றோம். மரம் தொரை குடுத்தது. இந்த நேரம் பாத்துக் கொழுந்த நிப்பாட்டுனா லொறி வராது, லீவு வராது, தேரு அரகொறையா நிக்கும். சாமி காரியம் புள்ள. திருவிழா முடியட்டும், பேசுவோம்."

"திருவிழா முடியிறப்ப வேலியும் முடிஞ்சிருக்கும் தலைவரே" என்றாள் ஷாமிலா.

அவர் தச்சரிடம் எதையோ கேட்கத் திரும்பிக்கொண்டார். மற்ற வீடுகளிலும் அதே பதில்தான். சாமி காரியம், சாமி காரியம். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே சொன்னார்கள்.

நான் வேறு மார்க்கத்துக்காரி, உனக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்பார்கள். கேட்கட்டும். அம்மன் பெயரில் சூடம் அணைத்த கை, அம்மன் தேரைச் சாட்டு வைத்தே அந்தச் சத்தியத்தைக் குப்பையில் போட்டது. பரிசு போனது, எண் இறங்கியது. எங்கள் விளையாட்டில்கூடப் பேரரசு பரிசை ராஜாவுக்குத்தான் அனுப்பும். இவர்கள் சாமிக்கு அனுப்பினார்கள். சாமிக்கு வந்ததை வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? அந்தத் தொரைக்கு மூளை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அந்த மூளையில் இடி விழ.

வேலி போட்ட அன்று ஷாமிலா மலையில் போய் நின்றாள். பக்கத்தில் நானும் மீனம்மாவும். தேருக்கு மூங்கில் ஏற்றிய தோட்டத்து லொறி கீழே ரோட்டால் போனது. லொறியின் மேல் சத்தியம் செய்த சனம் அத்தனையும் இருந்தது. ஒரு தலைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. கம்பி கட்ட வந்த ஆட்கள், தள்ளி நில்லுங்க டீச்சர் என்று மரியாதையாகச் சொன்னார்கள். தள்ளி நின்றாள். வேறென்ன செய்வாள்?

அந்தப் பறித்துக் காட்டும் வேலைக்குத் தான் சாகும் வரை போகமாட்டேன் என்றாள் ஷாமிலா. மீனம்மா போனார். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு நாள் காலையில் எழுந்து போய்விட்டார். ஷாமிலா அன்றைக்குச் சாமியாடினாள். தட்டத்தைத் தூக்கி எறிந்தாள். மீனம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேற ஒருத்தி நின்னா செடிய ஒடிச்சிப் போட்டுருவா. நான் நிக்கிறேன்" என்றாராம். 

போன சனிக்கிழமை ஷாமிலா கடைக்கு வந்தாள். மாமியைக் கையோடு கூட்டி வரப் போகிறேன், நீயும் வா என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். வேலிக்கு உள்ளே மீனம்மா நின்றார். கம்பெனி கொடுத்த சிவப்புச் சேலை, முதுகில் ஒரு கொழுந்தும் விழுந்திராத புதுக் கூடை. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். ஒரு கிழவர் ஒரு கொப்பையே முறித்துக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தார். மீனம்மா அந்தச் செடியை மட்டும் பார்த்தார்.

கூட்டத்தில் ஒரு பெண், இந்தச் செடியெல்லாம் யாருடையது என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். குளிர்கண்ணாடி போட்ட வழிகாட்டி அதை மீனம்மாவிடம் தமிழில் கேட்டார்.

"எங்க மலை சார்" என்றார் மீனம்மா. "என் மருமக உண்டாக்குனது."

வழிகாட்டி திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: இது கம்பெனியின் மாதிரிக் காணி, இங்கே வேலை கிடைத்ததில் அம்மாவுக்குப் பெரிய சந்தோசம் என்று. அந்தப் பெண் மீனம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மீனம்மா அப்போதுதான் வேலிக்கு வெளியே நின்ற எங்களைக் கண்டார். கோபமாக வந்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியதா தெரியாது. மருமகளிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"நான் சொன்னத அப்புடியே சொல்லிட்டாரா புள்ள?"

ஷாமிலாவுக்கு இங்கிலீஷ் நன்றாக விளங்கும். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக நின்றிருப்பார்.

"இல்ல மாமி. கம்பெனியோடதுன்னு சொல்றாரு."

மீனம்மா தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினார். கூடையை வழிகாட்டியின் காலடியில் வைத்தார். செடிகளுக்கு நடுவே ஒரு கொழுந்தும் படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். அதுவும் காட்டுவதற்காகச் செய்வது என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.