சோலைமுத்துவும் சிவப்புக் கயிறும்

சோலைமுத்துவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். பொறாமைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் தண்ணீர் மோட்டார் பூட்டும் ஜப்பான் கம்பெனி எங்களுடையது. எனக்குப் பதினோரு வருட சர்வீஸ். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சோலைமுத்துவுக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. லைனில் எனக்கு முந்தின இடம் அவனுக்கு. அவன் ரப்பர் வாஷரை வைத்துத் தள்ளுவான், நான் மூடியை முடுக்குவேன்.

அங்கே ஒவ்வொரு வேலையையும் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் 'சரி' சொல்ல வேண்டும். நாங்கள் மேனேஜர் வந்தால் மட்டும் சொல்வோம். இவன் நாங்கள் சேர்ந்து தங்கும் கேம்ப் ரூமில்கூடச் சொல்வான். கேஸ் அடுப்பை நோக்கி விரலை நீட்டி, "ஆஃப், சரி." கதவைப் பார்த்து, "பூட்டு, சரி." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு போகும். தப்பு எது கண்ணில் பட்டாலும், யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் மொத்தமும் நின்றுவிடும். பதினோரு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை, அது எனக்குப் பெருமை. இவன் வந்த முதல் மாதமே நான்கு தடவை இழுத்தான். தொலைந்தான் பயல் என்று நான் காத்திருந்தேன். ஜப்பான்கார மேனேஜர் ஹமாதா ஓடி வந்து, தப்பைப் பார்த்து, இவனுக்கு இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னார். எனக்கு ஒருநாளும் அவர் அப்படிக் குனிந்ததில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருடம் ஃபோர்மேன் கௌரிசங்கர் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பினார். ஃபோர்மேனுக்குத்தான் குடும்ப விசா. "இந்தத் தடவை எனக்குத்தான்" என்று என் மனைவி பானுப்பிரியாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவளும் ஊரில் பிள்ளைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ்வரை விசாரித்து வைத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை சோலைமுத்து சரியாக இல்லை. அவன் மகளுக்குக் காய்ச்சல் என்று காலையில் போன் வந்திருந்தது. பத்து மணிக்கு ஒரு மோட்டார் வாஷர் இல்லாமல் என் கைக்கு வந்தது. அவன் விரல் நீள்கிறது, வாய் 'சரி' என்கிறது, கண் எங்கேயோ இருக்கிறது. கயிறு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாட்டட்டும் என்று மூடியை முடுக்கினேன். அடுத்ததையும் முடுக்கினேன். அப்படிப் பன்னிரண்டு போயிற்று.

டெஸ்ட்டில் பன்னிரண்டும் ஒழுகின. ஹமாதா வந்தார். அவர் கேட்கும் முன்னே நான் முந்திக்கொண்டேன்.

"சோலைமுத்து, சார். முதல் பீஸ்லேயே பாத்துட்டேன்."

"முதல் பீஸிலேயா?" என்று அவர் இந்தியில் மெதுவாகத் திருப்பிக் கேட்டார். கயிற்றை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் வட்டமாக நின்று, அன்றைக்குச் செய்த தப்பை அவரவரே சொல்ல வேண்டும். சோலைமுத்து முதலில் வந்தான். "பிள்ள நெனப்புல பாக்காமலே சரின்னுட்டேன், சார். பன்னெண்டும் என் தப்பு" என்றான். என் பெயரை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஹமாதா அவனுக்குக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தபடி நின்றார். நான் பேசுவதற்கு அவர் இடம் விட்டார் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் வழக்கம்போல, "தப்பு மாஃபி, சார்" என்றேன். அரபியில் மாஃபி என்றால் 'இல்லை'.

ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸ் போர்டில் ஃபோர்மேன் சோலைமுத்து என்று ஒட்டியிருந்தது. அவன் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்றான். சரி சொல்லாமல் கேம்ப் பஸ்ஸை நோக்கி நடந்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் பானுப்பிரியாவே போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, போட்டுட்டாங்களா?"

"சோலைமுத்துவுக்குப் போட்டுட்டாங்க."

"அவருக்கா? உங்ககிட்ட என்ன தப்பு கண்டாங்களாம்?"

அவன் மகளுக்குக் காய்ச்சல் என்பதில் தொடங்கி, வட்டத்தில் நின்று சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன். "கயிறு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நான் இழுக்கல."

"அவரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சாமா?" என்று கேட்டாள்.

அதை நான் விசாரிக்கவே இல்லை.