ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, விலகி நில். நம் கண்ணாடிக்காரரும் எத்தனையோ பேருக்கு இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜன்னலுக்கென்று வெட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி சரிந்தபோது, பெற்ற பிள்ளை விழுகிற மாதிரி வலது கையை நீட்டிவிட்டார். கண்ணாடியும் உடைந்தது, மணிக்கட்டில் நரம்பும் அறுந்தது.

நரம்பைத் தைத்தார்கள். புண் ஆறியது, விரல்கள் மடங்கின, வலி மட்டும் போகவில்லை. அதுவும் லேசுப்பட்ட வலியா? சட்டை உரசினால் நெருப்பு, தண்ணீர் பட்டால் சுளீர், ஃபேன் காற்று பட்டால் உயிரே போகும். காற்று பட்டு ஒரு மனுஷனுக்கு வலிக்கும் என்றால் யார் நம்புவார்கள்? முதலாளி நம்பவில்லை. சொந்தக்காரர்கள் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். நம்பியவள் மனைவி ஒருத்திதான். அதற்கு அவளுக்குக் கிடைத்தது ஃபேன் ஓடாத மூன்று கோடைகளும், காரணமில்லாத ஏச்சும்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. அளவெடுக்கப் போன வீடுகளில் வேலையை விடப் பேச்சும் சிரிப்பும்தான் அதிகம். இப்போது கோபம் மூக்கு நுனியில். கை எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டால், "வெட்டிப் போடு, நிம்மதியா இருக்கும்" என்று வள்ளென்று விழுவார். அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். திட்டுவது தான் அல்ல, வலிதான் என்று அவர் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வார். வலி ஒழிந்தால் பழைய ஆளாகிவிடலாம். மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்த பிறகு அந்த ஒரு நம்பிக்கையில்தான் நாட்கள் ஓடின.

வலிக்கென்றே இருக்கிற டாக்டர் புது வழி ஒன்று சொன்னார். "பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஈறுல ஊசி போடுவாங்க இல்ல, அதே மருந்துதான். அதைக் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடப் போறோம். சிலருக்கு வலி சில மணி நேரம் அடங்கும், சிலருக்கு வாரக்கணக்குல. சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. ஆனா நாக்கு மரத்துப் போனாலோ காதுல சத்தம் கேட்டாலோ உடனே சொல்லணும். மருந்து கூடிடுச்சுன்னு அர்த்தம். அப்ப நிறுத்திடுவோம்."

கண்ணாடிக்காரரின் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

கட்டிலுக்கு நேர்மேலே ஃபேன். அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடது கையில் ஊசியைக் குத்தி, நர்ஸ் மருந்தைத் திறந்துவிட்டாள். மனைவி வழக்கம்போல எட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பாட்டில் பாதி இறங்கியபோது உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தது. பிறகு நாக்கு தடித்த மாதிரி இருந்தது. காதுக்குள் மெல்ல ஒரு ரீங்காரம்.

"நாக்கு மரத்திருக்கா?" நர்ஸ் அடிக்கடி வந்து கேட்டாள்.

"இல்ல." கூசாமல் பொய் சொன்னார்.

அப்போதுதான் போர்வையின் ஓரம் வலது கையின் மேல் படபடத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் புழுக்கம் தாங்காமல் போட்டிருக்கிறான். எப்போது போட்டான் என்றே அவருக்குத் தெரியவில்லை. காற்று கையில் பட்டது, போனது. அது வெறும் காற்று. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஆள் போன வீடு மாதிரி உள்ளே காலியாக இருந்தது. சும்மா திரும்பி மனைவியைப் பார்த்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

"அங்க ஏன் புழுக்கத்துல உக்காந்திருக்க? ஃபேனுக்குக் கீழ வா," என்றார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நர்ஸிடம் ஓடினாள்.

"சிஸ்டர், அவர் ஒரு மாதிரி பேசறார்."

"உளர்றாரா?"

"இல்ல சிஸ்டர். நல்லா பேசறார். அதான் பயமா இருக்கு."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வந்து குனிந்து பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. நாக்கு?"

மனைவி பக்கத்தில் நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவருக்கு மேற்கொண்டு பொய் வரவில்லை. "மரத்திருக்கு. காதுலயும் சத்தம்."

மருந்தை மூடினார்கள். டாக்டர் வந்து நாடியைப் பார்த்து, மானிட்டர் திரையைப் பார்த்து, பிறகு ஒரு பிடி பிடித்தார். "இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா வலிப்பு வந்திருக்கும். இனிமே மறைச்சீங்கன்னா அடுத்த தடவை போட மாட்டேன். உங்க மனைவி இருந்ததால பொழச்சீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

நாக்கில் உணர்ச்சி திரும்பியது. காதும் அடங்கியது. ஃபேன் ஓடிக்கொண்டேயிருந்தது, கை வலிக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை பேசினால் மருந்து தலைக்கேறிவிட்டது என்று மனைவி பயப்படும்படி மூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்ல நினைத்தார். பழக்கமில்லாததால் வாயில் வந்தது முன்பு சொன்னதேதான்.

"ஃபேனுக்குக் கீழ வந்து உக்காரும்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இன்னொரு தடவை வந்து பாத்துடுங்க" என்றாள்.

நர்ஸ் வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், நாடி பிடித்தாள். "மருந்து நின்னு ரொம்ப நேரமாச்சும்மா. அவர் நல்லாத்தான் இருக்கார்."

மனைவி நாற்காலியை இழுத்தாள். ஆனால் பாதி தூரம்தான் வந்தாள். காற்றின் ஓரம் மட்டும் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இன்னும் கொஞ்சம் கிட்ட வா என்று அவரும் சொல்லவில்லை. வலி எப்போது திரும்பி வரும் என்று அவருக்கும் தெரியாது.