நூல் வெட்டும் மேசையை இடம் மாற்றியது

அன்று காலை பத்து மணிக்கு இருபத்து நான்கு துணித்துண்டுகள் மேசைமேல் விரிந்து கிடந்தன. விரிந்து கிடந்ததுதான் சிக்கல். அவை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நெருக்கமாக நின்றிருக்க வேண்டும்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் தாண்டி ஃபெரியில் போய்வருவேன். ஞானஸ்நான உடுப்பின் மார்புப் பகுதியில், சுருக்கிய மடிப்புகள்மேல் கையால் போடும் அலங்காரத் தையலான ஸ்மாக்கிங்கில்தான் எங்களுக்குப் பெயர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணியைத் துவைத்து, கரையை வெட்டி, நூலோட்டம் நேராக வரும்படி தேய்த்து, ஒரு கழியில் சுற்றி பிளீட்டர் மெஷினில் விடுவோம். பல் வைத்த உருளைகள் துணியை மடிக்கும். வரிசையாக நிற்கும் ஊசிகள் அந்த மடிப்புகளில் நூலைக் கோத்துவிடும். இரு பக்கமும் நூலை நீளமாக விட்டு, அளவுக்கு இழுத்து, முடிச்சுப் போட்டு, ஆவி காட்டிய பிறகே துண்டு தையலுக்குப் போகும். ஸ்மாக்கிங் முடிந்ததும் அந்த நூலை உருவிவிடுவோம். அதற்கு முன்னால் உருவினால் மிஞ்சுவது கசங்கிய துணி.

இதையெல்லாம் செய்தவர் பிலோமினா. நிபோங் திபாலிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் தாமதமானதற்காக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

மேனேஜர் தனபாலன் புதியவர். பாயான் பாரு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இருந்து வந்தவர். தூசியைக் கண்டால் தும்முவதற்கு முன் அறிக்கை எழுதுவார். நூல் வெட்டும் மேசை எங்களிடம் கடைசியில், பேக்கிங்குக்கு முன்னால் இருந்தது. குறையைக் கடைசியிலா பார்ப்பது என்று கேட்டு, அதை பிளீட்டர் மெஷினுக்கு அடுத்ததாக வைத்து ஒரு பிளான் வரைந்துகொண்டு வந்தார். அவருடைய கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அந்த நேரத்தில் மனிதன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான்.

மறுநாள் மேசை புது இடத்துக்கு வந்ததும் நூல் வெட்டும் பெண் விதிப்படி நடந்தாள். தொங்கிய நூலையெல்லாம் முடிச்சோடு வெட்டி, துண்டுகளை அழகாக அடுக்கி வைத்தாள். தையல்காரப் பெண்கள் எடுத்து விரித்ததும் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சுத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

தனபாலன் வந்து பார்த்தார். "முடிச்சு லூஸ் லா. யார் கட்டினது?"

"நான்தான் சார்." பிலோமினா குப்பைத் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி நீட்டினார். "எல்லா முடிச்சும் இங்க இருக்கு. ஒண்ணு அவுந்திருக்கா பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அயர்ன் பண்ணித் திரும்ப மெஷினில் விட்டால் அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கடிதத்தை டைப் செய்யப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். கடிதத்தில் பிலோமினா பெயருக்குப் பதில் என் பெயரைப் போடுங்கள், பிளானில் இருக்கிறபடி உங்கள் பெயருக்குக் கீழேயே போடுங்கள், ஹெட் ஆபீசுக்கு ஒரு நகல் அனுப்பலாம் என்றேன்.

"என்ன சார், ரிட்டயராகி வீட்டுக்குப் போற நேரத்துல பிரச்சின பண்றீங்க?"

"வீட்டுக்குப் போற நேரம்னாலதான் பண்ண முடியுது, தம்பி."

கடிதம் வரவில்லை. மேசை மதியச் சாப்பாட்டுக்குள் பழைய இடத்துக்கே திரும்பியது. அந்த மாத அறிக்கையில் தனபாலன் அதைத் 'தொடர் மேம்பாடு' என்று எழுதினார்.

அரை மணி நேர வேலை இரண்டு நாள் பிடித்தது. பழைய மடிப்பின் தடம் இருந்தால் புது மடிப்பு கோணிக்கொள்ளும். துணியை நனைத்து, தடம் மறையத் தேய்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நன்றியை எதிர்பார்த்து பிலோமினாவிடம் போய், ஆபீசில் பேசியதைச் சொன்னேன். அவர் கழியில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த மேசை இங்க வரக்கூடாதுன்னு, பிளான பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்."

"அப்போ இந்தப் பக்கம் பிடிங்க."

இரண்டு நாளும் பிடித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. தப்பு என்று தெரிந்த காகிதம் கைக்கு வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னாலும் பலன் உண்டு, ஆனால் கூடவே துணியும் பிடிக்க வேண்டியிருக்கும்.