சின்ன ஓட்டை கேட்டவனும் வயிற்றைத் திறந்த டாக்டரும்

காரிமங்கலம் சந்தையில், நாலு பேர் பார்க்கச் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பயந்த புளி வியாபாரி ஒருவருக்குத் தைரியம் சொல்கிறேனாம். அப்போதுதான் தர்மபுரி பஸ்ஸிலிருந்து இறங்கிய மைத்துனர் சொன்னார்: "மாமா, உங்களுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டரு தவறிட்டாருங்களாம். காலையில நெஞ்சுவலியாம்." சட்டையை இறக்கவும் தோன்றாமல் நின்றேன்.

அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவர் கோபம் தெரியும். அவர் சிரிப்பை நான் பார்த்த கதை இது.

சில வருஷங்களுக்கு முன், பெருங்குடலில் புற்றுக்கட்டி என்றும், வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றும் அவர் சொன்ன அன்றே நான் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். மூன்று பெண்கள், மூத்தவளுக்கே அப்போது மாப்பிள்ளை பார்த்திருக்கவில்லை. வயிற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டால்? முந்தின வருஷம் என் மனைவிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் தொப்புளுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டைதான் போட்டார்கள்; சாயங்காலம் நடந்தே வந்தாள். எனக்கு மட்டும் எதற்கு அத்தனை நீளம்? எட்டாவது வரை படித்த மூளை வேலை செய்தது. கடத்தூரில் அடுத்த முகாம் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றேன்.

"யோவ், இது பொம்பளைங்க வரிசை" என்றார் நர்ஸ்.

"எனக்குக் குடலுங்க சிஸ்டர். அந்த ஓட்டை வழியாவே எடுத்துருங்க."

பின்னாலிருந்து ஒரு அம்மா, "அண்ணனுக்கு எத்தனாவது மாசமாம்?" என்றார். வரிசையே சிரித்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்தவர், அன்று முகாமுக்கு வந்திருந்த எங்கள் டாக்டர். என்னைப் பார்த்ததும் அவரும் சிரித்துவிட்டார். பிறகு பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தார்.

"சின்ன ஓட்டையில எட்டிப் பாக்கலாம், கருக்குழாயை அடைக்கலாம். குடலை வெட்டி எடுத்து, மறுபடி சேர்த்துத் தைக்கணும்னா என் கை உள்ள போகணுமுங்க. பக்கத்துல நெறி கட்டியிருக்கான்னு வெரலுதான் சொல்லும்."

"பொண்ணு கல்யாணத்தப் பாப்பனாங்க?"

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு வராது. ஆனா நாள் தள்ளினீங்கன்னா பாக்க மாட்டீங்க. அது தெரியும்."

அந்தத் 'தெரியாது'தான் என்னை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்தது. தையல் ஆறும்வரை இருமினால் உயிர் போகும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டுதான் இருமுவேன். கலப்பையைத் தொட மாதங்கள் ஆயின. "சும்மா சொல்லக் கூடாதுங்க, உங்க சம்சாரத்தோடது நல்ல ஆபரேஷன்" என்று அவரே கேலி செய்வார். கேலி முடிந்ததும் சொல்வார்: "கிழிசல் பெருசா சிறுசான்னு பாக்காதீங்க. உள்ள மிச்சம் வெச்சாங்களான்னு பாருங்க."

மூத்தவள் கல்யாணத்துக்கு வந்து இரண்டாம் பந்தியில் சாப்பிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். வெளிநாட்டில் பித்தப்பையைக்கூட ஓட்டை வழியாக எடுக்கிறார்களாம், குடலுக்கும் ஒருநாள் வரும் என்றார். "வந்தா நல்லது, சனங்க வலி கொறையும். எனக்குத்தான் இனிமே பழகாது" என்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்தப் பழக்கம். போன மாதம் பார்த்த அன்று மட்டும், தெரிந்ததையும் சொல்லாமல் வந்துவிட்டேன். 'அந்தக் கையை ஒருதரம் கண்ணுல ஒத்திக்கிறனுங்க' என்பது தொண்டை வரை வந்தது. "வர்றனுங்க" என்று மட்டும் சொன்னேன்.