கிட்டுசாமியின் மேல்பல்

1971 தை மாதம். பெருமாநல்லூரில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் புறப்படும்போது கிட்டுசாமி மேல் முன்பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தார். காலையில் ஆடியதைவிடக் கூடுதலாக ஆடியது.

"டாக்டர்கிட்டப் போயி புடுங்கிட்டு வாங்க," என்றாள் மனைவி மருதம்மாள்.

"புடுங்கிட்டா எதை வெச்சு ஊதறது?"

சாக்ஸபோனை மேல்பல்லில் ஊன்றித்தான் ஊத வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், ஊட்டி கிளப்பில் வாசித்த ஒரு கோவாக்காரரிடம் ஜாஸ் கற்றவர் அவர். வெள்ளைக்காரர்கள் போய், கிளப்பில் நடனம் நின்றதும் திருப்பூருக்கு வந்து பேண்டு செட்டில் சேர்ந்தார். சினிமாப் பாட்டை எல்லாரையும் போலத்தான் தொடங்குவார். நடுவில் பாட்டை விட்டு விலகி, மனம் போன போக்கில் மேலே மேலே ஏறுவார். கேட்பவர்கள் மூச்சுவிட மறந்து நிற்கும்போது, சட்டென்று பாட்டுக்குள் வந்து இறங்குவார். நேற்று ஊதியதை இன்று ஊதமாட்டார். பாட்டைக் கெடுக்கிறார் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பனியன் கம்பெனி விட்டு வருபவர்கள் அந்த ஏற்றத்துக்காகவே சைக்கிளை நிறுத்திக் காத்திருப்பார்கள். காதர்பேட்டை கட்டிங் மாஸ்டர் அய்யூப், அழைப்பில்லாத கல்யாணத்துக்குக்கூட ஊர்வலம் கேட்க வந்துவிடுவார்.

அன்றும் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கிட்டுசாமி பல்லை இன்னொரு முறை நாக்கால் தள்ளிப் பார்த்தார். மேலே ஏற வேண்டிய இடம் வந்தது. பல்லை அழுத்தினார், உயிர் போகிற வலி. ஏறாமல் கீழேயே இரண்டு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அய்யூப் மட்டும் தட்டவில்லை. ஊர்வலம் முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு மேலயே போகலீங்களே?"

"சும்மாதானுங்க."

"வாயோரம் ரத்தமுங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பல் ஆடுவதையும் ஈறு வீங்கியிருப்பதையும் சொல்லிவிட்டார். "பல்லுப் போச்சுன்னா நீங்களே கேக்க வரமாட்டீங்க."

"வருவனோ மாட்டனோ, அப்பப் பாத்துக்கலாமுங்க. சீழ் வெச்சிருக்குது, மொதல்ல வைத்தியம் பாருங்க."

மறுவாரம் இரண்டு பல் போனது. பொய்ப்பல் கட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான்கு மாதம் பழகினார். கீழ்ச்சுரம் கனமாக வந்தது. மேலே போனால் வெறும் காற்றுதான்.

ஆவணியில் மறுபடி ஊர்வலம். ஏற்றத்துக்காக நின்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழைய கிட்டுசாமி இல்லப்பா" என்று சைக்கிளை மிதித்தார்கள். அது அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் அடுத்த பாட்டை எடுத்தார். அய்யூப் கடைசிவரை நின்றார். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அதன்பின் ஆறு வருஷம் கீழ்ச்சுரத்தையே நம்பி ஊதினார். புதிதாகக் கேட்க வந்தவர்களுக்கு அவர் மேலே ஏறிய கதை தெரியாது. பாட்டு ஆழத்துக்கு இறங்கும் இடத்துக்காகக் காத்திருந்தார்கள், வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்பதைக் கிட்டுசாமிதான் நம்பவில்லை. கூட்டத்தில் யாராவது நகர்ந்தால், தன்னால்தான் போகிறாரோ என்று ஊதிக்கொண்டே பார்ப்பார்.